ரெசிடென்சியும் பிஎச்.டி.யும் சேர்த்துப் படிக்கலாமா? கோத்தகிரியிலிருந்து கேட்ட ஒரு தந்தைக்கு

வணக்கம் ஐயா. மகள் நாமக்கல்லில் பி.வி.எஸ்சி. முடித்துப் பயிற்சி மருத்துவராக இருக்கிறார். கால்நடை கிளினிக்கல் பேத்தாலஜியில் (ரத்தம், சிறுநீர், செல்களைப் பார்த்து நோயறியும் நோயியல் பிரிவு) ரெசிடென்சியும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்புக்கு அமெரிக்கா போக ஆசைப்படுகிறார். "அஞ்சரை வருஷம் படிச்சாச்சு, இன்னும் ஆறு வருஷமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அவர் கடைசியில் எந்த நாற்காலியில் உட்கார விரும்புகிறார் என்பதில்தான் இதற்கான பதில் இருக்கிறது.

ரெசிடென்சி என்பது பட்டம் அல்ல, பயிற்சி. 3 ஆண்டுகள் தினமும் ரத்த ஸ்மியர் (கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்த ரத்தம்), எலும்பு மஜ்ஜை, சிறுநீர், கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த செல்கள் ஆகியவற்றை மூத்த பேத்தாலஜிஸ்டுடன் உட்கார்ந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுவது. பிரேதப் பரிசோதனை செய்யும் அனாட்டமிக் பேத்தாலஜி வேறு, அதற்குத் தனிச் சான்றிதழ். பயிற்சியை ஒட்டி அமெரிக்கக் கால்நடை பேத்தாலஜிஸ்டுகள் கல்லூரி (ஏ.சி.வி.பி.) நடத்தும் வாரியத் தேர்வு. முதல் கட்டம் பொது நோயியல், இரண்டாம் கட்டம் சிறப்புத் துறை. பிஎச்.டி. இதிலிருந்து முற்றிலும் தனி. ஒரு கேள்வி, ஒரு கைடு, ஒரு தீசிஸ்.

நோயறி ஆய்வகத்தில் ஸ்லைடு பார்ப்பதுதான் அவர் விருப்பம் என்றால் வாரியச் சான்றே போதும், பிஎச்.டி. வேண்டாம். பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வுக்கூடம் நடத்தவோ, மருந்து நிறுவனத்தில் மருந்தின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆய்வில் மேலே போகவோ நினைத்தால் இரண்டும் சேர்ந்தவருக்கு மதிப்பு அதிகம். பெயருக்கு முன்னால் இன்னொரு "டாக்டர்" வரும் என்பதற்காக மட்டும் போக வேண்டாம். அவர் ஏற்கெனவே டாக்டர்தான்.

சேர்த்துப் படிப்பதில் இரண்டு முறைகள். முதல் 3 ஆண்டு ரெசிடென்சி, பிறகு 3 ஆண்டு ஆராய்ச்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பது ஒன்று. இரண்டையும் மாறிமாறி இழுத்துக்கொண்டு போவது மற்றொன்று. எங்கள் கருத்தில் முதலாவதே நல்லது. ஆய்வகப் பணி காத்திருக்காது. காலையில் வந்த ரத்தத்துக்கு மாலைக்குள் பதில் போயாக வேண்டும். ஆராய்ச்சியோ எத்தனை நாள் தள்ளிப்போட்டாலும் குரல் கொடுக்காது. அதனால் மாறிமாறிச் செய்பவர்களுக்கு முதலில் அடிபடுவது ஆராய்ச்சி. ரெசிடென்சி முடிந்த சூட்டோடு வாரியத் தேர்வை எழுதிவிட வேண்டும் என்பதும் முக்கியம். தீசிஸ் முடிந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், 3 ஆண்டு ஸ்லைடு பார்க்காத கண்ணோடு தேர்வு மேசையில் உட்கார வேண்டியிருக்கும்.

அடுத்து பணம். அங்கே இத்தகைய படிப்புகள் பலவற்றுக்கு ஸ்டைபெண்ட் தருவது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் டி32 பயிற்சி நிதி. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. இணையதளத்தில் "முழு நிதியுதவி" என்று பார்த்துவிட்டு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். துறையின் சொந்த நிதியா, கைடின் ஆராய்ச்சி நிதியா, எத்தனை ஆண்டுக்கு உறுதி என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். 3 ஆண்டுக்கு மட்டும் கடிதம் தந்து "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அது ரெசிடென்சிக்கு மட்டுமான இடம் என்றே கணக்கு வையுங்கள். நிலத்தையோ வீட்டையோ அடமானம் வைத்துப் போகும் படிப்பல்ல இது. ஸ்டைபெண்ட் இல்லாத இடம் வேண்டாம்.

உள்ளூரில் ஒரு படி ஏறிவிட்டுப் போவது புத்திசாலித்தனம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ நாமக்கல்லிலோ நோயியலில் (பேத்தாலஜி) 2 ஆண்டு எம்.வி.எஸ்சி. முடிக்கலாம். அது ரெசிடென்சிக்கு ஈடாகாது. அந்த வாரியத் தேர்வுக்குப் பொதுவாக வாரியச் சான்று பெற்றவர்களின் மேற்பார்வையில் பெற்ற பயிற்சி வேண்டும். ஆனால் தீசிஸ் எழுதிய அனுபவமும், வேலையை நேரில் பார்த்த கைடின் பரிந்துரைக் கடிதமும் கையில் இருக்கும். ஆராய்ச்சி தனக்கு ஒத்துவருமா என்பதும் அந்த 2 ஆண்டில் தெரிந்துவிடும்.

தீசிஸுக்குத் தலைப்பு தேடி எங்கும் போக வேண்டாம். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் வாழும் நீலகிரி ஆட்டின் ரத்த அளவுகளைச் சமவெளி ஆட்டின் அட்டவணையோடு ஒப்பிட்டால் முடிவு தவறிப்போகலாம். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் சிவப்பணு அளவு கூட வாய்ப்புண்டு. சொந்த இயல்பளவு எல்லை வகுக்க, ஆரோக்கியமான 120 ஆடுகள் இருந்தால் நல்லது. 40 இருந்தாலும் வேறு கணக்குமுறையில் ஒப்பேற்றலாம். 20க்குக் கீழே போனால் எல்லை போட முயலவே கூடாது. வயது, சினை, குடற்புழு மூன்றையும் முன்கூட்டியே பிரித்துக் குறிக்காவிட்டால் எண்ணிக்கை இருந்தும் பயனில்லை.

இப்போதிருந்தே கண்ணையும் பழக்கலாம். விடுமுறைக்கு வரும்போது கூடலூர், மசினகுடிப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் சந்தேகமுள்ள நாய், மாடுகளின் ஸ்மியரை அங்குள்ள மருத்துவர் அனுமதியோடு பார்க்கட்டும். மலையில் ஸ்மியர் கெட மூல காரணம் ஈரக்காற்று. மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணுவுக்குள் பளபளக்கும் புள்ளிகள் வரும், பார்க்க பபீசியா (உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணி) மாதிரியே இருக்கும். மைக்ரோஸ்கோப்பின் ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்தினால் அது கண்ணாடி போல மின்னும். உண்மையான ஒட்டுண்ணி மின்னாது. தேய்த்த உடனே ஹேர் டிரையரை மிதமான சூட்டில், தள்ளிப் பிடித்துக் காயவைத்தால் பாதித் தொல்லை தீரும். சாயமிடாத ஸ்லைடை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, நீர் கோத்துச் செல் உடைந்துவிடும். ஃபார்மலின் டப்பாவோடு ஒரே பையில் அனுப்பவும் கூடாது. அந்த ஆவி பட்டாலே சாயம் சரியாக ஏறாது. நேர்காணலில் இப்படிப்பட்ட விஷயத்தைச் சரளமாகப் பேசும் பிள்ளையின் பேச்சு தனியாகத் தெரியும்.

அமெரிக்க இடங்களில் சில, மேட்ச் முறையில் (விண்ணப்பித்தவரும் துறையும் தரும் விருப்ப வரிசையைப் பொருத்தி இடம் தருவது) ஒரே இணையதளம் வழியாக நிரப்பப்படும், பிஎச்.டி. சேர்ந்த இடங்கள் பலவற்றுக்குத் துறைக்கே நேரடியாக எழுத வேண்டும். பணி பெரும்பாலும் ஜூலையில் தொடங்கும், ஆள் எடுப்பது அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஆகவே ஓராண்டு முன்னதாகவே மின்னஞ்சல் போகட்டும். அதில் கேட்க வேண்டியவை: வாரத்தில் எத்தனை நாள் ஆய்வகப் பணி, ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய மாதங்கள் எத்தனை, அந்த மாதங்களில் பணிக்கு அழைப்பார்களா, இந்தியப் பட்டத்துக்குக் கூடுதல் தகுதித் தேர்வு கேட்பார்களா, எந்த விசா, கடைசியாகப் பயின்றவர்களில் எத்தனை பேர் வாரியத் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேர் பிஎச்.டி.யை முடித்தார்கள். இப்போது அங்கே பயிலும் ஒருவரிடம் தனியாகப் பேச அனுமதியும் கேட்கட்டும். தயங்கும் துறையாக இருந்தால் பட்டியலில் கீழே தள்ளிவிடுங்கள்.