பெரிய கார்புரேட்டர் போட்டால் பிக்கப் கூடுமா?

கேள்வி: என் காரில் 350 கன அங்குல வி8 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். கேம்ஷாஃப்ட் மிதமானதுதான். சாலையில் மட்டும் ஓட்டுகிறேன், 5,500 ஆர்.பி.எம்.மைத் தாண்டுவதில்லை. இப்போதுள்ள 600 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை விடும் என்ற அளவு) ஹோலி கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் ஒரு கணம் திணறுகிறது. ஐடிலில் பெட்ரோல் வாடையும் அடிக்கிறது. 750 சி.எஃப்.எம். டபுள் பம்பர் (இரண்டு ஆக்ஸிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டர்) வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் இருக்கும் 600 போதும். இல்லாத குறைக்குப் பணம் செலவழித்தால் திணறல் இன்னும் மோசமாக வாய்ப்புண்டு.

கணக்கு எளிதானது. இன்ஜினின் கன அங்குலத்தை உச்ச ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3,456-ஆல் வகுக்க வேண்டும். ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை உள்ளே இழுக்கும். அதனால்தான் அதன் இரட்டிப்பு. உங்கள் இன்ஜினுக்கு 557 சி.எஃப்.எம். வருகிறது. எந்தச் சாதாரண இன்ஜினும் சிலிண்டரை முழுதாக நிரப்பாது. 85 சதவீதம் நிரப்பினால் தேவை சுமார் 473 மட்டுமே.

பெட்ரோலை உறிஞ்சி எடுப்பது கார்புரேட்டர் துவாரத்தின் குறுகலில் (வெஞ்சுரி) காற்று எடுக்கும் வேகம். துவாரம் பெரிதானால் குறைந்த ஆர்.பி.எம்.மில் அந்த வேகம் குறையும், ஜெட்டிலிருந்து பெட்ரோல் தாமதமாக வரும். கனமான ஆட்டோமேட்டிக் காருக்கு காற்றின் உறிஞ்சலில், அதாவது வேக்கத்தில், திறக்கும் செகண்டரிதான் (கூடுதல் காற்றுக்கான இரண்டாவது ஜோடித் துவாரங்கள்) பொருத்தம். இன்ஜின் கேட்கும்போதுதான் அது திறக்கும். டபுள் பம்பரில் உங்கள் கால்தான் அதைத் திறக்கிறது.

இனி ட்யூனிங். கார்புரேட்டரைத் தொடும் முன் இக்னிஷன் டைமிங்கைச் சரிபாருங்கள், மானிஃபோல்டிலும் வேக்கம் குழாய்களிலும் காற்றுக் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று வருபவற்றில் நிறைய இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது பெட்ரோல் அழுத்தம். 7 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். வாடைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஃப்ளோட் மட்டம், அதாவது கார்புரேட்டரின் தொட்டியில் பெட்ரோல் நிற்கும் உயரம், பக்கவாட்டுத் துவாரத்தின் அடி விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். அந்தத் துவாரத்தை மூடும் திருகைக் கழற்றும்போது பெட்ரோல் சிந்தும், சூடான இன்ஜின் மேல் இதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் ஐடில். பலரும் தவறவிடும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஐடில் வேகத்தைக் கூட்ட த்ராட்டில் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே போனால், த்ராட்டில் தகட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபர் ஸ்லாட் ஐடிலிலேயே முழுதாகத் திறந்துவிடுகிறது. அது மிதிக்கும்போது கொடுக்க வேண்டிய பெட்ரோலை நிற்கும்போதே கொட்டிவிடும். ஐடிலில் வாடை, மிதித்தால் திணறல் என்று இரண்டும் ஒன்றாக வருவது இதன் அடையாளம். கார்புரேட்டரைக் கழற்றி அடியிலிருந்து பாருங்கள்: தகட்டுக்குக் கீழே தெரியும் ஸ்லாட், அகலமும் உயரமும் சமமான சிறு சதுரமாக இருக்க வேண்டும்.

மாட்டியபின், ஐடிலில் பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூக்களை மெதுவாக மூடி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். மானிஃபோல்டில் வேக்கம் கேஜை இணைத்து, இரண்டையும் கால் சுற்றாக மாறி மாறித் திருகி, முள் உச்சத்தில் நிற்கும்படி வையுங்கள். ஸ்க்ரூக்களை முழுதாக மூடியும் இன்ஜின் அணையவில்லை என்றால், த்ராட்டில் இன்னும் அதிகமாகத் திறந்திருக்கிறது அல்லது பவர் வால்வு (வேக்கம் குறையும்போது கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு) கிழிந்திருக்கிறது.

பவர் வால்வு எண்ணுக்கு, டிரைவ் கியரில் நிற்கும்போதுள்ள வேக்கத்தில் பாதியை எடுங்கள். கேஜ் 13 அங்குலம் (பாதரச அளவு) காட்டினால் பாதி 6.5, அதாவது 65 எண் வால்வு.

இதற்குப் பிறகும் திணறினால்தான் ஆக்ஸிலரேட்டர் பம்ப். இன்ஜினை அணைத்துவிட்டு மேலிருந்து பாருங்கள். த்ராட்டில் அசைந்த அதே கணம் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். தாமதித்தால் லிங்கேஜில் தளர்ச்சி. சரியாகப் பீய்ச்சியும் திணறினால் பெரிய நாசில் போடுங்கள். கரும்புகை வந்தால் சிறியது.

மெயின் ஜெட்டைக் கடைசியாகத் தொடுங்கள், ஒரே தடவையில் இரண்டு எண்ணுக்கு மேல் மாற்ற வேண்டாம். காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இருந்தால் முழு த்ராட்டிலில் 12.5 முதல் 13 வரை, சீரான ஓட்டத்தில் 14-க்கு அருகில் காட்ட வேண்டும்.