குப்பம்மாள் என்ற பெயரை மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. ஊர் பெஸ்தாரி ஜெயா பக்கம். ஷா ஆலாமில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். என் பெயர் குப்பம்மாள். அப்பாவை வளர்த்த அவருடைய பாட்டியின் பெயராம். இடைநிலைப் பள்ளியில் நம் பிள்ளைகளே மற்றவர்களுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்து, மலாயில் 'சம்பா, சம்பா' (குப்பை, குப்பை) என்று என்னைக் கூப்பிட வைத்தார்கள். அலுவலகத்தில் 'கே' என்று சொல்லிச் சமாளிக்கிறேன். அடுத்த வருடம் கல்யாணம். அதற்குள் அடையாளக் கார்டில் 'ஹர்ஷினி' என்று மாற்றிவிட நினைக்கிறேன். இதைச் சொன்னதிலிருந்து அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்வது தப்பா?

பதில்: தப்பே இல்லை, தங்கச்சி. வகுப்பில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டது நீ, அப்பா இல்லை. பெயரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்கிற உரிமையும் உன்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு, 'அக்காவும் அப்பா கட்சிதான்' என்று பத்திரிகையை மூடி வைத்துவிடுவாய்.

ஆனால் கல்யாணத்துக்குள் என்கிற அவசரம்தான் எனக்குப் புரியவில்லை. நம் மலேசியாவில் இந்தியப் பெண்களுக்குத் தாலி ஏறியதும் பெயர் மாறுவதில்லை. கார்டில் முதலில் உன் பெயர், பிறகு 'மகள்' என்பதற்கான ஏ/பி, பிறகு அப்பா பெயர். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அது அப்படியே இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அந்த வரியில் உனக்கென்று இருப்பது முன்னால் நிற்கிற அந்த ஒரு பெயர்தான். அதை மண்டபம் புக் செய்த தேதியைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டுமா?

உன் கடிதத்தில் பாட்டியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி. அந்தப் பாட்டிக்கு ஏன் அப்படி ஒரு பெயர் வைத்தார்கள் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. உன் பாட்டி வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பெண் குழந்தைக்கு அந்தப் பெயர் வருவதற்கு வழக்கமாக இருந்த காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் பிள்ளைகள் பிறந்து பிறந்து தங்காமல் போகும். அடுத்தது பிறந்ததும் அதை முறத்தில் வைத்துக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி போய், 'யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை' என்று எடுத்து வருவாள். பெற்றவள் கொஞ்சம் தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து தன் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அப்படி வந்தவர்கள்தான் குப்பம்மாளும் குப்புசாமியும். பிச்சை, தவிடன், மூக்கு குத்திவிட்டதால் மூக்கன், மூக்காயி எல்லோரும் இந்தக் கூட்டம்தான். அழகான பெயர் வைத்துக் கொஞ்சினால் கண் பட்டுவிடும், எமன் எட்டிப் பார்ப்பான் என்று பயம். அதனால் இது எங்கள் பிள்ளையே இல்லை, யாருக்கும் வேண்டாத குப்பை என்று ஊரறியச் சொன்னார்கள். எமனையே ஏமாற்றப் போட்ட வேஷம் அது. உன் வகுப்புப் பிள்ளைகள் ஏமாந்துபோனதில் என்ன ஆச்சரியம்?

இது தமிழ்நாட்டு ஊரிலிருந்து கப்பலில் வந்த பழக்கம் என்றாலும், இங்கே அதற்கு வேலை குறையவில்லை. உன் அப்பாவின் பாட்டி என்றால் 1920களை ஒட்டிப் பிறந்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். காட்டை வெட்டி ரப்பர் போட்ட இடமெல்லாம் மலேரியா இருந்த காலம். உங்கள் சிலாங்கூரில்தான் டாக்டர் மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பு நீரை வடியவைத்துக் கொசுவை ஒழிக்கத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு அந்த நன்மை மெல்லத்தான் வந்து சேர்ந்தது. குளிர்காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அடுத்த நாளே காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டிய வாழ்க்கை. அந்த நிலையில் அவளால் ஆனது குப்பைமேடும் ஒரு பிடி தவிடும்தான்.

அப்படிப் பிழைத்த ஒருத்தி வளர்ந்து, உன் அப்பாவையும் வளர்த்திருக்கிறார். நீ ஹர்ஷினி என்றதும் அவர் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்று இப்போது கொஞ்சம் புரிகிறதா?

அவர்மேலும் எனக்குக் குறை உண்டு. இந்தப் பக்கத்தை அவரும் படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன். அண்ணே, 26 வருடத்துக்கு முன்னால், கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் ஷாலினி, திவ்யா என்றிருக்கப்போகிற காலத்தில், இவ்வளவு கனமான பெயரை ஒரு குழந்தை தலையில் வைத்தீர்கள். சரி, வைத்தது பாசத்தில்தான். ஆனால் பிள்ளை அழுதுகொண்டு வந்த நாளில் பக்கத்தில் உட்கார வைத்துப் பாட்டி கதையைச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லாமல் விட்டுவிட்டு இப்போது கோபித்துக்கொண்டால் அவள் என்ன செய்வாள்?

தங்கச்சி, நீ செய்ய வேண்டியது என்னவென்றால், இந்த வார இறுதியில் வீட்டுக்குப் போ. பெயர் மாற்றும் பேச்சை எடுக்காதே. 'அப்பா, பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தாங்க, கூடப் பிறந்தவங்க எத்தனை பேர் இருந்தாங்க?' என்று மட்டும் கேள். அவருக்குத் தெரியாவிட்டால் அத்தை, பெரியம்மா என்று வயதானவர் யாராவது இருப்பார்கள், அவர்களைப் பிடி. பாட்டியின் பிறப்புப் பத்திரம், பழைய சிவப்பு அடையாளக் கார்டு ஏதாவது பெட்டிக்குள் கிடக்கிறதா என்று பார். எழுத்துக்கூட்டல் வேறு மாதிரி இருந்தால் பயந்துவிடாதே. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான கிராணியார் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே வீட்டு லெட்சுமிகள் மூன்று விதமாக எழுதப்பட்டதை நம் சனத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எல்லாம் கேட்ட பிறகும் மாற்றத்தான் தோன்றுகிறதா? மாற்று. தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் என்னென்ன பத்திரம் வேண்டும் என்று முதலில் விசாரி. சத்தியப் பிரமாணக் கடிதம் கேட்பார்கள். அதோடு முடியாது; பாஸ்போர்ட், வங்கி, இபிஎஃப் சேமநிதி, காரின் பதிவுப் பத்திரமான கிராண்ட் என்று ஒவ்வொன்றாக அலைய வேண்டும். எஸ்பிஎம் பள்ளித் தேர்வுச் சான்றிதழில் பழைய பெயர் இருப்பதால் அந்தச் சத்தியப் பிரமாணக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திரு. எண் கணிதக்காரர் யாராவது ஹர்ஷினிக்கு இன்னும் ஒரு 'எச்' சேர்க்கச் சொல்லியிருந்தால் தயவுசெய்து கேட்காதே. பிறகு ஒவ்வொரு கவுண்டரிலும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

என் யோசனையைக் கேட்டால், கார்டை அப்படியே விட்டுவிடு. வீட்டில் கூப்பிட ஒரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர் என்று தோட்டத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். உனக்குப் பிடித்ததைக் கூப்பிடும் பெயராக வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையில் இரண்டையும் போடலாம். உங்கள் ஊரையே எடுத்துக்கொள். பெயர் விரசமாகத் தொனிக்கிறது என்று 2007இல் பத்தாங் பெர்ஜுந்தையை பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள். பெரியவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், யாரும் வழி தவறிப் போய்விடவில்லை.

அந்த 'கே' மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 'குப்பு' என்று சொல்லிப் பார், வாய்க்கு நன்றாக வருகிறது. மாப்பிள்ளை உன்னை என்னவென்று கூப்பிடுகிறார் என்று எழுதவே இல்லையே? அவரிடமும் பாட்டி கதையைச் சொல்லி, அவர் என்ன சொல்கிறார் என்று கேள். கல்யாணம் முடிந்து ஒரு வருடம் போனாலும் பதிவிலாகா கவுண்டர் அங்கேயேதான் இருக்கும்.