கைக்குழந்தைக்கு எச்.ஐ.வி.: உடனடிச் சோதனையின் முடிவை நம்பலாமா?

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. உள்ளது, கர்ப்பத்திலிருந்தே ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து) மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு வாரமான என் மகனுக்குத் தனியார் ஆய்வகத்தில் செய்த உடனடிச் சோதனையில் பாசிட்டிவ் என்று வந்தது. நம்பிக்கை மையத்திலோ (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) குதிகால் இரத்தத்தை அட்டையில் எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: அந்த ஆய்வக முடிவை வைத்து மகனுக்குத் தொற்று இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். உடனடிச் சோதனைப் பட்டை, வைரஸுக்கு எதிராக உடலில் உருவாகும் ஆன்டிபாடிகளைத்தான் கண்டறிகிறது. உங்கள் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சென்று 18 மாதம் வரைகூடத் தங்கியிருக்கும் என்பதால், தொற்றே இல்லாத குழந்தைக்கும் இந்த வயதில் பாசிட்டிவ் என்றுதான் பெரும்பாலும் வரும். இதை விளக்காமல் முடிவைத் தாயின் கையில் கொடுத்தனுப்புவது பெரும் தவறு.

குழந்தைக்குத் தேவை வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் பி.சி.ஆர். சோதனை, நம்பிக்கை மையம் அனுப்பியது அதற்கான மாதிரிதான். இதே வகைச் சோதனையைச் சிகிச்சை இடத்திலேயே செய்யும் ஜீன்எக்ஸ்பெர்ட், எம்-பிமா போன்ற கருவிகள் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிவு தருகின்றன. 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இவற்றைப் பயன்படுத்த வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. தொற்றுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். உடனே மருந்து தொடங்கினால் இறப்பு 76 சதவீதம் குறைகிறது என்று தென்னாப்பிரிக்க ஆய்வொன்று 2008இல் காட்டியது. ஆகவே இந்த வேகம் வெறும் வசதிக்கானதன்று. காசநோய்ப் பரிசோதனைக்காக ஜீன்எக்ஸ்பெர்ட் வைத்திருக்கும் மருத்துவமனைகள் பல உண்டு, ஆனால் எச்.ஐ.வி.க்கான கார்ட்ரிட்ஜ் (கருவிக்குள் மாதிரியை இட்டு வைக்கும் சோதனைப் பெட்டி) தனியானது என்பதால், அது அங்கே கிடைக்கிறதா என்று உங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள்.

கிடைக்காவிட்டால் அட்டைச் சோதனையின் முடிவுக்காகக் காத்திருங்கள், அதுவும் நம்பத்தக்கதே. பாசிட்டிவ் என்று வந்தால், உறுதிசெய்ய இரண்டாவது மாதிரி எடுப்பார்கள். அதன் முடிவு வரும்வரை நிற்காமல் அன்றே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். நெகட்டிவ் என்றால் மகிழ்ச்சி, ஆனால் தாய்ப்பால் தொடரும் வரை தொற்றும் வாய்ப்பு இருப்பதால் 6, 12 மாதங்களில் மறுசோதனை அவசியம். 18ஆம் மாதச் சோதனையில்தான் இறுதி முடிவு தெரியும்; தாய்ப்பால் அதற்குப் பிறகும் தொடர்ந்தால், நிறுத்தி மூன்று மாதம் கழித்துச் செய்யும் சோதனையில் தெரியும். உங்கள் மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். தொற்றைத் தடுக்கக் குழந்தைக்குத் தரும் சிரப்பை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். இடையில் சந்தேகம் எழுந்தால் 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணை அழைக்கலாம்.