தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெள்ளமும் வடிகாலும்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: 2022 ஏப்ரலில் எங்கள் சாட்ஸ்வர்த் தெருவே ஆறாக ஓடியது. வடிகாலைத் தூர்வாரியிருந்தால் தப்பித்திருப்போமா அண்ணா?

ஓரளவுக்குத்தான் தம்பி. அன்று சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. தெரு வடிகால் அடிக்கடி வரும் மழைக்காகப் போடுவது. அவ்வளவு தண்ணீரைத் தாங்காது. ஆனால் கல்வெர்ட் (சாலைக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகும் குழாய்ப்பாலம்) வாயடைப்பு நம் கையில் இருக்கும் விஷயம். ஒரு மரக்கிளை குறுக்கே விழும். அதில் பிளாஸ்டிக் பையும் நாணலும் பழைய மெத்தையும் சிக்கும். கொஞ்ச நேரத்தில் அதுவே அணையாகிவிடும். அப்புறம் தண்ணீர் சாலைமேல் ஏறி, கரை மண்ணை அரித்துக் கல்வெர்ட்டையே பெயர்த்துவிடும். மழைக்கு முன் அந்த வாயைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: இஸிபிங்கோவில் தாழ்வான இடத்தில் வீடு மலிவாக வருகிறது. வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள் அம்மா. விமான நிலையத்துக்காக 1950களில் உம்லாஸ் ஆற்றைத் திருப்பிக் கால்வாய் வழியே கடலுக்கு விட்டார்கள். பழைய ஆற்றுச் சமவெளியில் ப்ராஸ்பெக்டன் தொழிற்பேட்டை வந்தது. 2022 வெள்ளத்தில் அங்கிருந்த டொயோட்டா ஆலையே மூழ்கியது. ஆறு இடம் மாறினாலும் நிலம் பள்ளமாகவே இருக்கிறது.

நகராட்சியில் '100 ஆண்டு வெள்ளக் கோடு', அதாவது அப்படியொரு பெருவெள்ளம் எட்டும் எல்லை, எங்கே போகிறது என்று கேளுங்கள். நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வெள்ளம் வரும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு வருஷமும் 100-ல் 1 வாய்ப்பு. 30 வருஷக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது வர ஏறத்தாழ நாலில் ஒரு வாய்ப்பு. என்னைக் கேட்டால், கோட்டுக்குள் இருந்தால் வேண்டாம்.

கேள்வி: உம்கேனி ஆற்றில் இனாண்டா அணை இருக்கிறதே, ஆற்றங்கரைக்கு இனி பயமில்லைதானே?

அது முதலில் குடிநீருக்கான அணை. நிரம்பியிருக்கும் நேரத்தில் பெருவெள்ளம் வந்தால் பெரும்பகுதி வழிந்து வந்துவிடும். பால்மியட் ஆறோ அணைக்குக் கீழேதான் உம்கேனியில் சேருகிறது; அந்தத் தண்ணீரை அணை தடுக்காது. உம்கேனிக் கரையிலுள்ள ஸ்பிரிங்பீல்டு சமவெளியில் 1917 அக்டோபரில் நம் இந்தியத் தோட்டக்காரர்கள் வெள்ளத்தில் சிக்கினார்கள். நம் மீனவர்கள் ஆறு பேர் படகில் போய் 170க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். 1976-ல் அங்கேயே இருந்த டின் டவுன் என்ற தகரக் குடிசைப் பகுதி மூழ்கியபின், அங்கிருந்தவர்களை டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் குடியேற்றினார்கள்.

கேள்வி: மழை பெய்தாலே எங்கள் முற்றத்தில் சாக்கடை மூடி பொங்குகிறது. ஏன்?

டர்பனில் மழைநீருக்குத் தனிக் குழாய், கழிவுநீருக்குத் தனிக் குழாய். தெருவில் யாரோ கூரைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டிருக்கலாம்; அதைத் தாங்காமல் குழாய் பொங்கும். முதலில் உங்கள் கூரைக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்; சரியாக இருந்தால் நகராட்சியிடம் சொல்லித் தெருவைச் சோதிக்கச் சொல்லுங்கள்.