கடிகாரம் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது? – கேள்வி பதில்

பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். புதுச்சேரி, கடலூர்ப் பக்கமிருந்து நேரத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: மகள் பாரிஸில் இருக்கிறாள், ஐயா. நான் காலை 11.30க்குப் போன் செய்தால் அவளுக்கு 7 மணியாக இருந்தது. ஏப்ரலில் அதே நேரத்துக்குப் பேசினால் 8 மணி, வேலைக்குக் கிளம்பிவிட்டேன் என்கிறாள். எங்கே தப்பு?

தப்பே இல்லை அம்மா. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். இரண்டு தடவையும் அது நடக்கும்போது நமக்குக் காலை 6.30. குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம், கோடையில் மூன்றரை. ஏப்ரல் வந்துவிட்டால் 10.30க்கே கூப்பிடுங்கள், நிதானமாகப் பேசுவாள்.

லாஸ்பேட்டை வாசகர்: ரெயூனியன் தீவில் எங்கள் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அதுவும் பிரான்ஸ்தானே, அங்கேயும் இதே கணக்கா?

இல்லை. அந்தத் தீவு இருப்பது இந்தியப் பெருங்கடலில். வருடம் முழுக்க நமக்கு ஒன்றரை மணி பின்னால், மாற்றமே கிடையாது. கடல் கடந்த பகுதிகளையும் சேர்த்தால் பிரான்சுக்கு 12 நேர மண்டலங்கள். அவ்வளவு அகலமான சீனாவுக்கோ ஒன்றே ஒன்று. சூரியன் ஒரு பக்கம், அரசாங்கம் ஒரு பக்கம் இழுத்து முடிவாவதுதான் நேரம். 1884இல் வாஷிங்டன் மாநாட்டில், லண்டனில் உள்ள கிரீன்விச் வழியாகப் போகும் தீர்க்கக் கோட்டை உலகத்தின் தொடக்கக் கோடாக ஏற்றார்கள். பிரான்ஸ் வாக்களிக்கவில்லை. 1911இல் சட்டம் போட்டபோதுகூட கிரீன்விச் என்ற பெயரைச் சொல்லாமல், "பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 விநாடி குறைவு" என்றே எழுதினார்கள். அந்த ரோஷத்தைப் பாருங்கள்!

மஞ்சக்குப்பம், ஒன்பதாம் வகுப்பு மாணவி: பிப்ரவரி நடுவில் மொட்டை மாடியில் குச்சி நட்டு நிழலை அளந்தேன். நிழல் ரொம்பக் குட்டையானது 12 மணிக்கு இல்லை, 12.25க்கு. என் கடிகாரம் தவறா சார்?

கடிகாரமும் சரி, நீ அளந்ததும் சரி. கேள்வி வந்ததிலிருந்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்திய நேரம் உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் வழியாகப் போகும் 82½ பாகைத் தீர்க்கக் கோட்டுக்கு உரியது. கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி வந்தது அதனால்தான். கடலூர் 80 பாகைக்கும் சற்றுக் குறைவு. ஆகவே சூரியன் மிர்சாப்பூரைத் தாண்டி நம் தலைக்கு வர ஏறக்குறைய 11 நிமிடம் ஆகும். மீதி 14 நிமிடம்? பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. அதனால் சூரியன் பிப்ரவரியில் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். அப்போது மறுபடி அளந்து பார், 12 அடிப்பதற்கு முன்பே நிழல் குறுகிவிடும்.

1906க்கு முன் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. இன்றைய நேரத்துக்கு அது சுமார் 9 நிமிடம் பின்னால். உன் குச்சிக்கு அந்தக் கடிகாரம் இன்னும் நெருக்கம்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: பையன் சிங்கப்பூரில் புது வீடு போகிறான். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. நம் மணிக்கா, அவர்கள் மணிக்கா?

இரண்டுக்கும் இல்லை அம்மா. அந்த ஊரில் சூரியன் உதிப்பது முதல் மறைவது வரை எட்டாகப் பிரித்தால், திங்களன்று இரண்டாவது பங்கு ராகு காலம். ஏழரை என்பது 6 மணி உதயத்துக்குப் போட்ட கணக்கு. சிங்கப்பூர் தன் இடத்துக்கு உரியதைவிட ஒரு மணி முந்திய நேரத்தை வைத்திருக்கிறது, உதயமே 7 மணியை ஒட்டித்தான். அவர்கள் கடிகாரத்தில் சுமார் எட்டரை முதல் பத்து வரை தவிர்க்கச் சொல்லுங்கள். குடிபோகும் நாளின் உதய நேரத்தைப் பார்த்துக்கொண்டால் நிமிடமும் சரியாக வந்துவிடும்.