கொசுறுக்கு விலை போடும்போது

வாசகி கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். தமிழ்ச் சிறுவர் புத்தகங்களை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பும் சிறு தொழில் நடத்துகிறேன். மாதம் 4 புத்தகங்கள். படித்ததும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். 2 ஆண்டுகளுக்கு முன் ஒலிக்கதைகளுக்கு ஒரு செயலியும் தொடங்கினேன். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. இப்போது 310 குடும்பங்கள், மாதம் 16 டாலர். போக வர அஞ்சலுக்கே குடும்பத்துக்கு 10 டாலர் ஆகிவிடுகிறது. கதை வாசிப்பவர்களுக்குக் கொடுக்கும் தொகையும் ஏறிவிட்டது. அதனால் புத்தகம் 13 டாலர், ஒலிக்கதை 12 டாலர் என்று பிரித்து, அடுத்த மாதம் முதல் அமல் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரே மாலையில் 43 பதில்கள், பெரும்பாலும் கோபம். அறிவிப்பைத் திரும்பப் பெறட்டுமா, உறுதியாக நிற்கட்டுமா?

பதில்: விலையை ஏற்றுங்கள். ஆனால் நீங்கள் பிரித்திருக்கும் விதம் தவறு, அதை மாற்றுங்கள். இந்த இரண்டையும் சேர்த்து நீங்கள் ஒரே அறிவிப்பில் போட்டதால்தான் குழு கொதிக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு 2011 நினைவுக்கு வந்தது. நீங்கள் செய்வதையே கோடிக்கணக்கான வீடுகளுக்குச் செய்துகொண்டிருந்த நெட்ஃப்ளிக்ஸ், நீங்கள் செய்ததையே செய்தது. 1998 முதல் டிவிடி தட்டுகளை அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்த, சிவப்பு உறையால் அறியப்பட்ட நிறுவனம் அது. 2007 ஜனவரியில் இணையத்தில் நேரடியாகப் படம் பார்க்கும் வசதியைக் கூடுதல் கட்டணமில்லாமல் சேர்த்தது. 2011இன் பாதியில் அமெரிக்காவில் மாதம் 9.99 டாலருக்கு, ஒரு சமயத்தில் ஒரு தட்டும், அளவில்லாத இணையப் படங்களும் கிடைத்தன. அந்த ஆண்டு ஜூலை 12 அன்று இரண்டையும் பிரித்துவிட்டார்கள். தட்டுக்கு 7.99, இணையத்துக்கு 7.99. இரண்டும் வேண்டுமென்றால் 15.98. ஏற்றம் 60 சதவீதம். உங்களுடையது 16இலிருந்து 25, அதாவது 56 சதவீதம்.

அவர்கள் ஏற்றியதற்கு நியாயமான காரணம் இருந்தது, உங்களுக்கும் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, விலை கொடுத்து வாங்கிய தட்டை யாரும் வாடகைக்கு விடலாம். படநிறுவனத்திடம் போய் நிற்க வேண்டியதில்லை. இணையத்தில் ஓட்டுவதற்கு அப்படி முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் உரிமை வாங்க வேண்டும், ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் விலை ஏறும். உங்கள் அலமாரியிலிருக்கும் புத்தகத்துக்கும் செயலியிலிருக்கும் கதைக்கும் இதே வித்தியாசம்தான். புத்தகத்தை ஒருமுறை வாங்கினீர்கள், இருபது வீடு போய் வருகிறது. ஒலிக்கதைக்குப் பதிப்பாளர் அனுமதி, வாசிப்பவர் சம்பளம், ஒலிப்பதிவு என்று ஒவ்வொரு கதைக்கும் புதிதாகச் செலவு. இலவசமாகக் கொடுத்தது எப்போதும் இலவசமாகவே இருக்க முடியாது.

அப்படியிருந்தும் வாடிக்கையாளர்கள் ஏன் அப்படிக் கொந்தளித்தார்கள்? அறிவிப்புக்கு 10,000க்கு மேல் மறுமொழிகள் குவிந்தன. 6 டாலர் என்பது அன்றைக்கும் பெரிய தொகை இல்லை. இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காய்கறிக்காரர் பை நிரம்பியதும் ஒரு கொத்து கறிவேப்பிலையும் மல்லித்தழையும் மேலே வைப்பார். வருடக்கணக்காக அப்படி வாங்கியவரிடம் ஒருநாள் "காய் 80 ரூபாய், கறிவேப்பிலை 10 ரூபாய்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த 10 ரூபாயால் அவர் ஏழையாகிவிடப் போவதில்லை. ஆனால் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டதாகத்தான் அவருக்குத் தோன்றும். அதே கடைக்காரர் காய் விலையை 90 ஆக்கி, கறிவேப்பிலையை எப்போதும்போல் வைத்திருந்தால், ஒரு முணுமுணுப்போடு போயிருக்கும்.

நெட்ஃப்ளிக்ஸ் தன் கணக்குப் புத்தகத்தில் இதைத் தலைகீழாகப் பார்த்தது. 2010 நவம்பரில் இணையம் மட்டும் 7.99 என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தார்கள். அதனால் தட்டு என்பது அதன்மேல் 2 டாலருக்குக் கொடுக்கும் இணைப்பு என்றே அறிவிப்பிலும் விளக்கினார்கள். வீட்டில் நிலைமை வேறு. தட்டுதான் சாப்பாடு, இணையம்தான் கொசுறு. புதிதாக வந்த படம் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அஞ்சல் பெட்டியில் அந்தச் சிவப்பு உறை விழ வேண்டும். இணையத்தில் இருந்தவை பழைய படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும். ஒன்று இன்னொன்றின் ஓட்டையை அடைத்ததால்தான் மக்கள் இரண்டையும் வைத்திருந்தார்கள். அவர்களிடம் போய் "உங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்" என்று சொன்னபோது, அது சலுகையாகக் கேட்கவில்லை. அறிவிப்பு வேறு, தட்டுத் திட்டத்தை இதுவரை இல்லாத குறைந்த விலை என்று வர்ணித்தது. செப்டம்பர் முதல் 6 டாலர் கூடுதலாகக் கட்டப் போகிறவர் கண்ணில் "குறைந்த விலை" என்ற சொல் பட்டால் என்ன ஆகும்? உங்கள் வாட்ஸ்அப் செய்தியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். "இனி உங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம்" என்ற தொனியில் ஏதாவது எழுதியிருந்தால், அந்த 43 பதில்களில் பாதி அதற்காக வந்தவை.

விலை அமலுக்கு வந்த செப்டம்பர் 1 அன்றே இன்னொரு அடி. நெட்ஃப்ளிக்ஸின் இணையச் சேவைக்குப் படங்கள் கொடுத்துவந்த ஸ்டார்ஸ் என்ற தொலைக்காட்சி நிறுவனம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. டிஸ்னி, சோனி படங்கள் அடுத்த பிப்ரவரியோடு போய்விடும். காசு கூடுகிறது, சரக்கு குறைகிறது என்று வாடிக்கையாளர் மனதில் பதிந்துவிட்டது. செப்டம்பர் 18 அன்று நிறுவனத் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் தவறு செய்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அதே கடிதத்திலேயே, தட்டு வாடகையைக் குவிக்ஸ்டர் என்ற தனி நிறுவனமாகப் பிரிக்கப்போவதாகவும் சொன்னார். இரண்டு இணையதளம், இரண்டு பட்டியல், இரண்டு பில். ஒரு முகவரி மாறினால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். மன்னிப்புக் கடிதத்தில் புதிய சுமையை வைத்தால் மன்னிப்பு யார் காதிலும் விழாது. அந்தக் கடிதத்துக்கு வந்த எதிர்ப்பு முதல் அறிவிப்புக்கு வந்ததைவிடப் பெரிதாக இருந்தது. அக்டோபர் 10 அன்று குவிக்ஸ்டரைக் கைவிட்டார்கள்.

அவர்கள் கைவிட்டது பிரிப்பை மட்டும்தான். 7.99, 7.99 விலைகள் அப்படியே நின்றன. உங்கள் கேள்விக்கு நான் முதல் வரியில் சொன்ன பதில் இதிலிருந்துதான் வந்தது.

இனி, சத்தம் போட்டவர்களில் எத்தனை பேர் போனார்கள் என்று பார்ப்போம். 2011 ஜூன் இறுதியில் அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 46 லட்சம் வாடிக்கையாளர்கள். செப்டம்பர் இறுதியில் 2 கோடியே 38 லட்சம். 8 லட்சம் குறைந்தது. நூற்றுக்கு 3 பேர். ஜூலையில் 300 டாலரைத் தொட்டிருந்த பங்கு நவம்பர் இறுதியில் 70 டாலருக்கும் கீழே போனது. ஆனால் டிசம்பர் இறுதியில் வாடிக்கையாளர் எண்ணிக்கை 2 கோடியே 44 லட்சத்துக்கு மீண்டுவிட்டது.

இந்த 3 சதவீதத்தைப் பார்த்து, "310இல் 10 குடும்பம்தானே போகும்" என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அது புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டிக் கழித்த நிகரக் கணக்கு. விட்டுப் போனவர்கள் அதைவிட அதிகம். மாதந்தோறும் அவர்களிடம் வந்து சேர்ந்த புதுக் கூட்டம் உங்களுக்கு வராது. அதோடு, அதே டிசம்பர் காலாண்டில் தட்டு வாங்குவோர் சுமார் 1 கோடியே 39 லட்சத்திலிருந்து 1 கோடியே 12 லட்சமாகச் சரிந்தார்கள். கோபப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் கடையை விட்டுப் போகவில்லை; இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் குடும்பங்களும் அதைத்தான் செய்யும். அப்போது எதை வைத்துக்கொள்வார்கள்? இந்த இடத்தில்தான் உங்கள் விலைப்பட்டியல் எனக்குக் கவலை தருகிறது. இன்று ஒரு குடும்பம் 16 டாலர் கொடுக்கிறது; அஞ்சல் 10 போக உங்களிடம் 6 நிற்கிறது. நாளை புத்தகம் மட்டும் போதும் என்று ஒருவர் 13 கொடுத்தால், உங்களிடம் நிற்பது 3. விலையை ஏற்றிவிட்டு, உங்களை அதிகம் நேசிக்கும் வாசகரிடம் பாதிதான் பெறுவீர்கள். ஒலிக்கதை மட்டும் வைத்திருப்பவர் 12 கொடுப்பாரா? யூடியூபில் இலவசக் கதைகள் கொட்டிக் கிடக்கும்போது அந்த விலைக்கு மிகச் சிலரே நிற்பார்கள்.

நான் போடும் கணக்கு இது. இரண்டும் சேர்ந்து 19 டாலர். இதுவே இயல்பான திட்டம், யாரும் எதையும் அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு டாலர்கூட ஏறக் கூடாது என்பவருக்குப் புத்தகம் மட்டும் 16. வீட்டில் புத்தகம் சேர்ந்துவிட்டது, காரில் கேட்கக் கதை போதும் என்பவருக்கு ஒலிக்கதை மட்டும் 8. அஞ்சல் போக முறையே 9, 6, 8 டாலர் நிற்கும். எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இன்றைய 6 டாலருக்குக் கீழே போகாது. 40 குடும்பங்கள் விலகி, மீதி 270இல் 150 பேர் இரண்டையும், 60 பேர் புத்தகத்தையும், 60 பேர் கதையையும் எடுத்தால் உங்களிடம் 2,190 டாலர் நிற்கும். இன்று 310 பேரிடம் நிற்பது 1,860. 3 டாலர் ஏற்றத்துக்கு 40 பேர் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் அந்த அளவுக்குத் தாங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். செயலியின் கடவுச்சொல், பில், புத்தகப் பட்டியல் எல்லாம் இப்போது போல ஒரே இடத்தில் இருக்கட்டும்.

பழைய வாடிக்கையாளருக்கு அவகாசம் கொடுங்கள். நெட்ஃப்ளிக்ஸே 2014 மே மாதத்தில் இப்படிச் செய்தது. புதிதாகச் சேர்பவருக்கு 1 டாலர் மட்டும் ஏற்றி 8.99 ஆக்கிவிட்டு, ஏற்கெனவே இருந்தவர்களுக்கு 2 ஆண்டுகள் 7.99ஐ விட்டுவைத்தது. 2011இல் நடந்தது மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஆனால் 2016இல் அந்த அவகாசம் முடிந்தபோது விலகல் கூடியது; இரண்டு ஆண்டுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தும் பலருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. ஆகவே நீண்ட அவகாசம் வேண்டாம், 3 மாதம் போதும். முடிவதற்கு 2 வாரம் முன்பு இன்னொரு முறை நினைவுபடுத்துங்கள்.

குழுவில் கத்தியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இரண்டு பிள்ளைகள் இருந்தால் எவ்வளவு?", "பாதி ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டலாமா?" என்று கேட்டவர்கள் கோபமாகவே கேட்டிருந்தாலும் தங்கப் போகிறவர்கள். அவர்களுக்கு இன்றே தனித்தனியாகப் பதில் போடுங்கள். எனக்குப் பயம் எல்லாம் குழுவில் வாயே திறக்காதவர்களைப் பற்றித்தான். 3 மாதமாகச் செயலியைத் திறக்காத, அதே 4 புத்தகங்களை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மாதம் 16 டாலர் போவதே அவர்களுக்கு மறந்திருக்கும். விலையேற்றக் கடிதம்தான் நினைவூட்டும். விலைக் கடிதம் போகும் முன், அந்தப் பிள்ளைகளின் வயதுக்கு ஏற்ற நல்ல 4 புத்தகங்களை அனுப்பிவைத்துவிடுங்கள். ஊருக்குப் போய்வரும் பெட்டியில் வரும் புத்தகங்களைவிட உங்களுடையவை ஏன் வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கும்.

கடிதத்தைக் குழுவில் போடாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் போட்டு அனுப்புங்கள். இவ்வளவு இருந்தால் போதும்:

"வணக்கம். போன வாரம் நான் அறிவித்த விலைகளை எடுத்துவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும். இப்போது நீங்கள் மாதம் 16 டாலர் தருகிறீர்கள். 3 மாதம் கழித்து, புத்தகமும் ஒலிக்கதையும் சேர்ந்து 19 டாலராகும். அஞ்சலுக்கு மட்டும் உங்கள் வீட்டுக்கு 10 டாலர் செலவாகிறது. கதை வாசிப்பவர்களுக்கும் ஊதியம் உயர்த்தியிருக்கிறேன். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், எல்லாம் இப்போது போலவே தொடரும். 16 டாலரைத் தாண்ட முடியாது என்றால் புத்தகம் மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஒலிக்கதை மட்டும் போதும் என்றால் 8 டாலர், இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்கள். நிறுத்த விரும்பினாலும் ஒரு வரி போதும்."

"தேர்வு", "புதிய அனுபவம்", "மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்" இவை எதுவும் உள்ளே வரக் கூடாது. வேறு எந்த மாற்றத்தையும் இதே கடிதத்தில் சேர்க்காதீர்கள். செயலியின் புதுத் தோற்றமோ, புத்தகம் திருப்பும் தேதியோ எதுவானாலும் 3 மாதம் கழியட்டும். குழுவில் இன்று இரவு ஒரே ஒரு வரி போடுங்கள்: "எல்லாவற்றையும் படித்தேன். பழைய அறிவிப்பை நிறுத்திவைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் இந்த வாரம் தனியாக எழுதுகிறேன்." பிறகு கணக்கு நோட்டை எடுத்து, நான் சொன்ன 19, 16, 8ஐ உங்கள் உண்மையான அஞ்சல் ரசீதுகளோடு வைத்துச் சரிபாருங்கள். எடை கூடிய புத்தகங்கள் போகும் மாதங்களில் 10 டாலர் 11 ஆகிறதென்றால், கடிதம் போவதற்கு முன்பே 19ஐ 20 ஆக்கிவிடுங்கள், புத்தகத் திட்டத்தில் எடை குறைந்த நூல்களாகப் பார்த்து அனுப்புங்கள். கடிதம் போனபின் ஓராண்டுக்கு அதைத் தொட முடியாது.