துபாய் புளூ-ரே மார்த்தாண்டத்தில் ஓடவில்லையா?

அண்ணா, அத்தான் துபாயில் இருந்து கொண்டுவந்த போலீஸ் ரீமேக் படத்தின் புளூ-ரே ஓடவில்லை, மார்த்தாண்டத்துக் கடைக்காரர் லென்ஸ் போய்விட்டது என்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். மற்ற டிஸ்க்கெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அப்புறம் லென்ஸில் என்ன கோளாறு? குளச்சல் பக்கம் உப்புக்காற்றில் பிளேயர் கெடுவது உண்டுதான். அப்படிக் கெட்டால் மற்ற புளூ-ரே டிஸ்க்குகளும் பெரும்பாலும் திக்கும்.

அட்டையின் பின்பக்கம் கீழே பாருங்கள். அறுகோணத்துக்குள் ஓர் எழுத்து இருக்கும். அதுதான் ரீஜன், அதாவது டிஸ்க் உலகின் எந்தப் பகுதியில் ஓடும் என்பதற்கான குறி. துபாய்க்கு பி, நமக்கு சி, அமெரிக்காவுக்கு ஏ. பி மட்டும் இருந்தால் இங்கே விற்கும் பிளேயர் அதைத் தொடாது. டிவிடி பிளேயர் என்றால் ரிமோட்டில் ஏதாவது எண்ணைத் தட்டி ரீஜனை மாற்றுவார்கள். புளூ-ரேயில் அந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது. மூன்று எழுத்தும் இருந்தால் ரீஜன் தடையில்லை, பிளேயரின் ஃபர்ம்வேரை, அதாவது அதன் உள் மென்பொருளை, அப்டேட் செய்யுங்கள். புது டிஸ்க்கின் நகல்-தடுப்புப் பூட்டைத் திறக்கப் பழைய பிளேயருக்குத் தெரியாமல் போவதுண்டு.

அட்டை கறுப்பாக, மேலே 4கே என்று இருந்தால் கதையே வேறு. சாதாரண புளூ-ரே பிளேயர் அதைப் படிக்காது. ஆனால் 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது. டிஸ்க் போடும் பிஎஸ்5 கேம் கன்சோல் யாரிடமாவது இருந்தால் ஓடும். ரீமேக் பிரியர் என்றால் அந்தப் பக்கம் போவது நல்லது: 1983 ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தின் 2019 4கே பரிசுப் பெட்டியில் 1932 மூலப் படத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

என்ன எழுத்து என்று பார்த்துச் சொல்லுங்கள், பிளேயர் மாடலையும் போடுங்கள்.